கலியாணம் கட்டினவனை விட்டுவிடுவார்களா?

தம்பி, அம்மா எழுதும் இதை வாசிக்கத் தொடங்கும்போது நீ கட்டப்போகிற ஆரணியையும் பக்கத்தில் இருத்திக்கொள். உனக்குத் தமிழ் எழுத்து தள்ளுவண்டி மாதிரித்தான் நகரும். அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போய்ப் படித்த பிள்ளை. நீ போனது அந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் பந்து அடிக்க. நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் என்றால் எனக்குக் கோபம் வந்துவிடும், உனக்கு இங்கிலீஷ் வந்துவிடும். இரண்டும் வந்த பிறகு கதை எங்கே நடக்கும்? அதனால்தான் எழுதுகிறேன். வேறு யாராவது எடுத்து வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இந்த லண்டனில், செவன் கிங்ஸிலும் குட்மேய்ஸிலும் என்னைப் போலப் பயந்த தாய்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

நீ அந்தச் செய்தியைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆட்டிறைச்சிக் கறியை நான் உன் சோற்றுக் கோப்பையில் போடப் போன நேரம் பார்த்து, "அம்மா, நான் ஆமி ரிசர்வில சேரப்போறன்" என்றாய். வேலையை விடப்போவதில்லை, கிழமையில் ஒரு பின்னேரம், மாதத்தில் சில சனி ஞாயிறு பயிற்சி, நாட்டுக்குத் தேவை வந்தால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் என்று விளக்கம் வேறு. உன் அப்பா அதை ஜிம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, "நல்லது, வயிறு குறையும்" என்று சொல்லிவிட்டு எலும்பைச் சூப்பத் தொடங்கினார். "சத்தியப்பிரமாணம் எடுக்கிற நாளுக்கு வீட்டு ஆக்களும் வரலாம். நீங்க வருவீங்களோ அம்மா?" என்று நீ என்னைப் பார்த்துக் கேட்டாய். நான் அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நீ கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம்தான் பதில்.

பதில் சொல்லாமல் நான் செய்தது என்ன என்பது உனக்குத் தெரியும். அடுத்த நாளே சீலையை மாற்றிக்கொண்டு செவன் கிங்ஸுக்கு, ஆரணி வீட்டுக்குப் போனேன். நீங்கள் இருவரும் விரும்பி, இரண்டு வீடும் சம்மதித்து, அடுத்த வருஷம் அவசரமில்லாமல் ஆறுதலாகச் செய்யலாம் என்று வைத்திருந்த கலியாணம். நான் போய், "வியாழமாற்றம் வருகுது, அதுக்குப் பிறகு பிள்ளையளின்ர சாதகத்துக்கு நாள் இல்லையாம், ஐயர் சொல்லிப்போட்டார், கெதியா முடிப்பம்" என்றேன். எந்த ஐயரும் சொல்லவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஆரணியின் அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஓம் அக்கா, முடிப்பம்" என்று உடனே தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாக அவள் இறங்கி வந்தது எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. நீ சத்தியம் எடுக்கும் நாளுக்கு முந்தின கிழமைக்கு என்று அவசர அவசரமாக மண்டபமும் பிடித்துவிட்டேன்.

என் கணக்கு என்னவென்று நீ கண்டுபிடித்துச் சிரித்தாய். "அம்மா, கலியாணம் கட்டினால் என்னை எடுக்கமாட்டினம் எண்டு நினைச்சீங்களோ? அங்க பாதிப்பேர் கலியாணம் கட்டின ஆக்கள்!" நீ சிரித்ததில் பிழையில்லை. லண்டனில் கால் நூற்றாண்டு இருந்து, இந்த ஊரின் சிவப்பு பஸ்ஸை நாள் முழுக்க ஓட்டித் திரிகிற ஒருத்தி, படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பிள்ளையின் கையில் தாலியைக் கொடுக்க ஓடுகிறாள் என்றால் சிரிப்புத்தான் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அந்தப் பேயை நான் உண்மையாகவே ஒருமுறை கண்டிருக்கிறேன், அதை உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் நீ ஓர் ஆய்வு எழுதினாயே, நினைவிருக்கிறதா? இந்த நாட்டில் சாதாரண சனத்தைப் படைக்குக் கூப்பிட்ட பழைய சட்டங்களைப் பற்றியது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், நீ மேசையில் இருந்து லாப்டாப்பில் தட்டிக்கொண்டிருப்பாய். தமிழில் சொல்லு, இல்லாவிட்டால் இறால் பொரியல் இல்லை என்று நான் மிரட்டியதால் எனக்கும் அந்தப் படிப்பில் பாதி வந்துவிட்டது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தி ஓர் அரசன், அடிமையல்லாத ஆம்பிளை ஒவ்வொருவனும் தன் வசதிக்கேற்ற ஆயுதம் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டானாம். வசதிக்காரன் என்றால் இரும்புச் சட்டை, தலைக்கவசம், கேடயம், ஈட்டி. வசதி குறைந்தவன் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையும் இரும்புத் தொப்பியும் ஈட்டியுமாவது வைத்திருக்க வேண்டும். அதை விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. "எங்கட ஆக்களெண்டால் அடுத்த நாளே அடகுகடையில இருக்கும்" என்று நான் சொல்ல நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நூறு வருஷம் கழித்து இன்னொரு சட்டம்: பதினைந்து வயதிலிருந்து அறுபது வரைக்கும் எல்லோரும், ஒன்றுமில்லாத ஏழை கூட, ஒரு வில்லாவது வைத்திருக்க வேண்டும். அதற்கும் பிறகு, ஓய்வு நாளில் வில் பழகாமல் பந்து விளையாடினால் குற்றம் என்று வேறு. நீ அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் கம்பிக்குப் பின்னால் மறியலில்தான் இருந்திருப்பாய்.

பிறகு நீ சீட்டுக் குலுக்கிய சட்டத்துக்கு வந்தாய். அது இருநூற்றைம்பது வருஷக் கதை. ஒவ்வொரு மாவட்டமும் இத்தனை பேர் தரவேண்டும் என்று கணக்கு. ஊர் ஊராகச் சீட்டுக் குலுக்கல். பெயர் விழுந்தவன் மூன்று வருஷம் ஊர்ப்படையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தன் இடத்துக்கு இன்னொருவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பாதிரிமாருக்கு விலக்கு, தொழில் பழகும் பெடியன்களுக்கு விலக்கு, முறையாகக் கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்ற ஏழைக்கும் விலக்கு. இந்த இடத்தில் என் கை நின்றது.

"கலியாணம் கட்டினவைக்கு விலக்கோ?" என்று கேட்டேன்.

"சும்மா கட்டினால் காணாது அம்மா. மூண்டு பிள்ளை வேணும்."

"அப்ப அவன்ர இடத்துக்கு?"

"அடுத்த பேரை எடுப்பினம். ஊர்க்கணக்குக் குறையக்கூடாதெல்லோ."

நீ திரையைப் பார்த்தபடி, அது ஒரு சின்ன விஷயம் என்பதுபோலச் சொன்னாய். நான் கண்ணில் வெங்காயம் என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போய் நின்றேன். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கலாம். கடைசியில் நான் முதலில் சொன்னது உனக்கல்ல, ஆரணிக்கு.

போன கிழமை அவள் என் பஸ்ஸில் ஏறினாள். குட்மேய்ஸில் ஏறியவள் கடைசித் தரிப்பு வரைக்கும் இறங்கவில்லை. சனம் எல்லாம் இறங்கியதும் என் கதவடியில் வந்து நின்றாள், இரண்டு கையிலும் இரண்டு தேத்தண்ணி. திரும்பிப் புறப்படக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"மாமி, அந்த வியாழமாற்றம் உண்மையோ?"

"உண்மைதான். வியாழன் மாறுதுதானே."

"அது வருஷா வருஷம் மாறும் மாமி."

பார் அவளின் வாயை! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "என்னை வைச்சு அவரை மறிக்கப் பாக்கிறீங்கள். சரி, அவர் எனக்காக நிண்டிட்டார் எண்டு வையுங்கோ. பிறகு எப்ப என்னைப் பாத்தாலும் இவளாலதான் போகேல்லை எண்டு நினைப்பார். அந்த முகத்தோட நான் சீவிக்கிறதோ?" என்றாள். "உனக்கு என்ன பிள்ளை தெரியும்!" என்று நான் சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, "தெரியாது மாமி. சொல்லுங்கோவன்" என்றாள். அவ்வளவு மெதுவாக ஒருவரும் என்னை அதுவரை கேட்டதில்லை. நான் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

உன் மாமா, என் அண்ணை, சண்டையில் செத்தவர் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். சுவரில் இருக்கும் படத்தில் அவர் மிகவும் நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறார். உண்மையில் பெரிய குழப்படிக்காரர். என்னைக் 'கறுப்பி' என்றுதான் கூப்பிடுவார். கரப்பந்து விளையாட்டில் தோற்றால் வீட்டுக்கு வந்து என் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுவார். நாங்கள் அப்போது வன்னியில் இருந்தோம். மைதானத்தில் ஊர்ச்சனம் கொட்டன் தடியைத் துவக்காகப் பிடித்துப் பயிற்சி எடுத்த காலம். முதலில் விருப்பமானவர்கள் இயக்கத்துக்கு வரலாம் என்றார்கள். பிறகு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்றார்கள். கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்று ஊரில் ஒரு கதை. அது எங்கும் எழுதி இருந்ததில்லை, ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு என்ன, ஊரெல்லாம் கலியாணம். ஒரே முகூர்த்தத்தில் கோயிலில் வரிசையாகத் தாலி கட்டினார்கள். மேளகாரருக்கு மூச்சு விட நேரமில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், அண்ணையும் நானும். எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணைதான் எனக்கு மாப்பிள்ளை தேடி அலைந்தார். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின ஒரு மோட்டார் சைக்கிள், அது போனால் புகையில் ஆளே தெரியாது. அதில் ஓடித் திரிந்து உன் அப்பாவைப் பிடித்தார். உன் அப்பாவின் அக்கா, இப்போது டொரன்டோவில் இருக்கிற உன் மாமிதான், அவர்கள் வீட்டுக்காக ஏற்கெனவே போயிருந்தா. அதனால் உன் அப்பாவை ஒருவரும் வந்து கேட்கமாட்டார்கள். அப்படியான மாப்பிள்ளைக்கு அந்த நேரம் என்ன கிராக்கி தெரியுமா! அந்தக் கிராக்கியை உன் அப்பா இன்னும் மறக்கவில்லை, என்னோடு சண்டை வந்தால் உடனே எடுத்துக் காட்டுவார்.

இதைச் சொல்லி முடிக்க ஆரணி கேட்டாள்: "மாமி, அப்ப உங்கட அண்ணைக்கு முதல் கட்டி வைச்சிருக்கலாமே?" அவளுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும், இங்கே பிறந்த பிள்ளை. எங்களில் ஒருவருக்கும் அன்றைக்கு அது மனதில் வரவேயில்லை. "வயசுக்கு வந்த தங்கச்சி வீட்டில இருக்கத் தமையன் மணவறையில ஏறுறதோ? ஊர் என்ன சொல்லும்?" என்றேன். "என்ன சொல்லும் மாமி?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஊர் ஒன்றும் சொல்லியிருக்காது, தம்பி. சொல்லியிருந்தாலும் அவர் உயிரோடு இருந்து அதைக் கேட்டிருப்பார்.

அண்ணைக்கும் ஒரு பெண் பேசி வைத்திருந்தது. அவருக்கு மிகவும் பிடித்த பெண். "தங்கச்சியின்ர அலுவல் முடியட்டும்" என்று அவரே சொல்லிக்கொண்டு நின்றார். என் அலுவல் முடிந்தது. நான் புருஷன் வீட்டுக்குப் போனதும் எங்கள் வீட்டில் கணக்குக்கு மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். ஆடி மாதம் வந்துவிட்டது, ஆடியில் தாலி கட்டுவதில்லை, ஆவணி பிறக்கட்டும் என்று அம்மா சொன்னா. ஆடி முடிவதற்குள் கேட்டு வந்தார்கள். எல்லையில் மண் அணை கட்டவும் காவல் நிற்கவும் இரண்டு கிழமை என்றார்கள். இரண்டு கிழமை மூன்று மாதமானது. அம்மா யாரிடம் போய், என் பிள்ளையை எப்போது விடுவீர்கள் என்று கேட்பா? கேட்க அலுவலகம், கந்தோர் ஒன்றும் இல்லை, காட்ட ஒரு சட்டம் இல்லை. மாரி மழை தொடங்கிய நேரம் செய்திதான் வந்தது. அவருக்குப் பேசியிருந்த பெண் செத்தவீட்டுக்கு வந்து, உள்ளே வர உரிமை இருக்கிறதோ என்று தெரியாமல் வேலியோரம் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. விலக்கு என்றால் ஒருவர் தப்புவது. அவ்வளவோடு அது முடிவதில்லை, அந்தப் பாரம் அடுத்தவரின் தலையில் போய் இருக்கும். என் கழுத்தில் ஏறிய தாலி அண்ணையைக் கொண்டுபோனது. நான் குற்றம் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவும் ஆயிரம் தரம் சொல்லிவிட்டார். தெரிந்தாலும் நெஞ்சு கேட்பதில்லை, ராசா. நீ உன் மேசையில் இருந்து "அடுத்த பேரை எடுப்பினம்" என்று சொன்னபோது எனக்கு வந்தது அந்த நோவு.

உன்னுடைய பழைய சட்டங்களை நான் மெச்ச வரவில்லை. அந்தச் சீட்டுக் குலுக்கலுக்கு எதிராக இந்த நாட்டுச் சனமும் தடியோடு தெருவில் இறங்கியது என்று நீதானே சொன்னாய். பணமுள்ளவன் ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தான், இல்லாதவன் போனான். எந்த நாட்டிலும் இதுதான் கதை. ஆனால் ஒன்று, அதில் எல்லாம் எழுதி இருந்தது: எந்த வயது, எத்தனை வருஷம், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, ஆள் போனால் வீட்டில் இருக்கும் பெண்சாதி பிள்ளைகளுக்கு ஊர் சோறு போட வேண்டும். ஒரு தாய் நீதவானுக்கு முன்னால் போய் நின்று, மூன்று வருஷம் முடிந்தது, என் பிள்ளை எங்கே என்று கேட்க அதில் இடம் இருந்தது. என் அம்மாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஆகையால் நீ கையெழுத்து வைக்கும் முன் எனக்கு மூன்று விஷயம் தமிழில் சொல்ல வேண்டும். எவ்வளவு காலம்? எங்கே வரைக்கும் கொண்டுபோவார்கள்? திருப்பி விடாவிட்டால் நான் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது? மூன்றாவதற்குச் சரியான பதில் வேண்டும், ஏனென்றால் நான் போவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ எங்காவது அனுப்பப்பட்டால், அங்கேயும் ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி நிற்பாள், உன் உடுப்பைப் பார்த்துத் தன் பிள்ளையைப் பின்னால் இழுப்பாள். நீ எவ்வளவு நல்ல பிள்ளை என்பது அவளுக்குத் தெரியாது. அவளோடு மெதுவாகக் கதை. பசித்தால்கூட அவள் வீட்டுக்குள் கேளாமல் காலெடுத்து வைக்காதே.

நான் ஏன் இந்த அளவுக்கு இறங்கி வந்தேன் என்று யோசிப்பாய். என் பொய் பிடிபட்ட அன்று, சிரித்து முடித்த பிறகு நீ ஒன்று சொன்னாய். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை அம்மா. நானாத்தான் போறன். வெள்ளம் வந்தால், நோய் வந்தால், சண்டை வந்தால் ஆரோ ஒராள் போகத்தானே வேணும்? எப்பவும் அடுத்த வீட்டுப் பிள்ளையே போறது?" எனக்கு அப்போது உன்னை அறைய வேண்டும்போல இருந்தது. உன் மாமாவின் வாய் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. அவரிடம் யாராவது ஒழுங்காகக் கேட்டிருந்தால், போகவா விடவா என்று முடிவெடுக்க விட்டிருந்தால், அவரும் போயிருப்பாரோ என்னவோ. அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். உனக்கு அந்த முடிவை எடுக்கக் கிடைத்திருக்கிறது, அதை நான் ஒரு தாலியைக் காட்டிப் பறிக்கக்கூடாது.

நேற்று மறுபடியும் செவன் கிங்ஸுக்குப் போனேன். ஐயரும் இல்லை வியாழனும் இல்லை, எல்லாம் என் பயம், கலியாணத்தை நீங்கள் முதலில் வைத்த நாளிலேயே வைப்போம் என்று ஆரணியின் அம்மாவிடம் சொன்னேன். அவள், "எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா" என்றாள். "தம்பி ரிசர்வில சேரப்போறார் எண்டு ஆரணி சொல்லியிருந்தவள். நீங்க நாள் கேட்டு வந்த உடனேயே எனக்கு விளங்கிட்டுது. நானும் அப்பிடிக் கட்டினவள்தான், அதுதான் ஓமெண்டனான்." இரண்டு பேரும் ஆளையாள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம், பிறகு சிரித்தோம். ஆரணியின் அப்பா பயந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மண்டபம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. உங்கள் கலியாணம் உங்கள் நாளில், உங்கள் விருப்பத்தில் நடக்கும்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அண்ணை போன காலை நான் உன் அப்பா வீட்டுக் கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் வாசல் படலையடியில் வந்து சைக்கிள் மணி அடித்திருக்கிறார். என் மாமி, உன் அப்பம்மாதான், போய், குளிக்கிறாள், இருங்கோ தம்பி என்று சொல்லியிருக்கிறா. "நேரமில்லை அம்மா, இரண்டு கிழமைதானே, வந்து பாக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றாராம். நான் ஈரத் தலையோடு ஓடி வந்தேன். ரோட்டில் ஆளைக் காணவில்லை.

உன் சத்தியப்பிரமாண நாளுக்கு நான் ஷிப்ட் மாற்றிவிட்டேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். எனக்குச் சம்மதம் என்று நினைத்துவிடாதே. ஆனால் வருவேன். ரெயில் பிந்தினாலும், உன் அப்பா சப்பாத்துத் தேடிப் பிந்தினாலும், வாசலிலேயே நில். நான் வந்து உன் முகத்தைப் பார்க்கும் வரைக்கும் உள்ளே போகாதே.

அம்மா